இடுப்பு என்பது வேட்டி கட்டும் இடம் அல்ல

தடைக்காலத்தில் எங்கள் கம்பெனியில் வேலை பாதியாகிவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. படகு போகாவிட்டால் ஐஸ் யாருக்கு வேண்டும்? நான் ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் ஓர் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன், வயது 38. மற்ற மாதங்களில் படகுகள் கடலுக்குப் போக அனுமதி டோக்கன் வாங்கும் நாளில் காலையில் உட்கார்ந்தால் இரவு வரை பிளாஸ்டிக் நாற்காலியைவிட்டு எழுந்திருக்க முடியாது. சாயந்திரம் நாலு மணிக்கு மேல் இடுப்பு கழன்று விழுகிற மாதிரி இருக்கும். போன வருடத் தடைக்காலத்தில் மனைவி இரண்டாவது பிரசவத்துக்காக மூத்தவளையும் கூட்டிக்கொண்டு தூத்துக்குடியில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். கையில் நேரம் இருந்தது, வீட்டில் ஆள் இல்லை, முன்னால் ஒரு தொப்பை. எடை தூக்கினால் முதுகுவலி போய்விடும் என்று நண்பன் ஒருவன் சொன்னான். அவன் சொன்னதில் தப்பில்லை, நான் தூக்கிய விதத்தில்தான் தப்பு. அந்தத் தப்புக்கு 23 நாள் சம்பளத்தையும் சேர்த்து 51,550 ரூபாய் போனது. கணக்குப்பிள்ளை என்பதால் பைசா சுத்தமாகச் சொல்ல முடிகிறது.

ஜிம் நெடுஞ்சாலையோரம், தகரக் கூரைக்குக் கீழே. மாதம் 900, வருடம் மொத்தமாகக் கட்டினால் 8,000, கட்டிய பணம் திரும்பாது என்று பலகையில் எழுதியிருந்தது. வருடம் கட்டுவதுதான் லாபம் என்று என் கணக்குப் புத்தி சொன்னது. அடிபடுமுன் போய் வந்தது ஏழு வாரம். யாராவது சேரப்போகிறீர்கள் என்றால் முதல் மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள், அந்த இடம் உங்களுக்கு ஒத்துவருமா என்று தெரிந்துகொள்ள அந்த 900 போதும். அதோடு பஞ்சுபோன்ற ஓட்ட ஷூ 3,200, புரோட்டீன் பவுடர் டப்பா 5,600. உப்புக்காற்றில் அங்கே எல்லா இரும்பும் துருப்பிடித்திருக்கும், தொட்டால் கை செம்மண் நிறமாகும். பயிற்சியாளர் தம்பிக்கு 23 வயது இருக்கலாம். நல்ல பையன், அவனைக் குறை சொல்ல மாட்டேன். அவனுக்குத் தூக்கத் தெரியும். பதினைந்து வருடம் நாற்காலியில் உட்கார்ந்தவனைத் தூக்கவைப்பது வேறு வேலை, அதை அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

இரண்டாவது வாரமே டெட்லிஃப்ட் ஆரம்பித்தோம். இரண்டு முனையிலும் எடைத் தட்டு மாட்டித் தரையில் கிடக்கும் இரும்புப் பாரைப் பிடித்து நிமிர வேண்டும், அவ்வளவுதான். உட்காரும் இடத்துப் பின்பக்கத் தசை, பின்தொடை, முதுகு மூன்றும் ஒரே பயிற்சியில் வலுக்கும் என்றான். அது உண்மை. "முதுக வளைக்காம இடுப்புல இருந்து குனிங்கண்ணே" என்றான். நானும் இடுப்பிலிருந்துதான் குனிந்தேன், அதாவது எனக்குத் தெரிந்த இடுப்பிலிருந்து. 40 கிலோ, 50, 60 என்று ஏறியது. வாரத்துக்கு 10 கிலோ ஏற்றிக்கொண்டே போனால் உலகத்தில் யாருக்கும் பிடிக்கும். பக்கவாட்டில் நின்று யாரும் என்னைப் பார்க்கவில்லை, செல்போனில் ஒரு வீடியோகூட நான் எடுத்துப் பார்க்கவில்லை.

ஜூன் 7, சாயந்திரம். "எண்பது போட்டுரலாம்ணே" என்றான். பக்கத்தில் இரண்டு கல்லூரிப் பையன்கள் நின்று பார்த்தார்கள், அது வேறு. முதல் மூன்று தடவை வந்துவிட்டது. நாலாவதில் பார் முழங்காலைத் தாண்டும்போது இடுப்புக்குள் ஏதோ ஈரக்கயிறு இழுபட்ட மாதிரி ஒரு உணர்வு. பாரைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். வலிகூட உடனே வரவில்லை, வியர்வைதான் வந்தது. "பிடிச்சிருக்கும்ணே, ஸ்ப்ரே அடிச்சா சரியாயிரும்" என்றான். அடித்தான். பைக்கில் வீட்டுக்கு வரும் வழியில் ஒவ்வொரு வேகத்தடையிலும் கண்ணில் நீர் வந்தது.

அன்றைக்கு என்ன நடந்தது என்று இப்போது தெரியும். பெரிய ஜிம்களிலும் போட்டிகளிலும் வைத்திருக்கும் தட்டின் விட்டம் 45 சென்டிமீட்டர், அதனால் பார் தரையிலிருந்து 22.5 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். எங்கள் ஜிம்மில் இருந்தவை சின்ன 10 கிலோ இரும்புத் தட்டுகள். பக்கத்துக்கு மூன்று போட்டால் பாரின் 20 கிலோவோடு சேர்த்து 80 கிலோ ஆகிவிடும், ஆனால் பார் நாலு விரற்கட்டை தாழ்ந்து கிடக்கும். அந்த நாலு விரற்கட்டையை எட்ட என் பின்தொடை நீளவில்லை. அதனால் முதுகு வளைந்து கொடுத்தது. போதாததற்குக் காலடியில் அமுங்கும் ஷூ. தட்டு சின்னதாக இருந்தால் பாரை மரக்கட்டை மேலோ வேறு தட்டுகள் மேலோ தூக்கி வைத்துவிட்டுத் தொடங்குங்கள். காலுக்குத் தட்டையான கேன்வாஸ் ஷூ போதும், தரை சுத்தமாக இருந்தால் வெறுங்காலே போதும்.

அன்று இரவு பதினொரு மணிக்கு மனைவி போன் செய்தாள். சாப்பிட்டாயா என்றாள், சாப்பிட்டேன் என்றேன். சாப்பிடவில்லை, கட்டிலிலிருந்து எழுந்திருக்கவே முடியவில்லை. பிரசவத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது இதை எப்படிச் சொல்வது? போனை வைத்துவிட்டுக் கழிவறைக்குத் தவழ்ந்து போனேன். வழியில் மகளின் செருப்பு கிடந்தது, அதைக் கையால் ஒதுக்கக்கூட உடம்பு திரும்பவில்லை. வலியைவிட, இனி இப்படியேதான் இருக்கப்போகிறேன் என்ற பயம்தான் அன்று என்னைத் தின்றது. இரண்டாவது குழந்தையைத் தூக்க முடியாத அப்பன் ஆகிவிட்டேன் என்று இருட்டில் படுத்து அழுதேன்.

மறுநாள் பக்கத்து வீட்டுக்காரர் சுளுக்கு எடுப்பவரைக் கூட்டிவந்தார். எண்ணெய் தடவி, காலை மடக்கி ஒரு இழுப்பு. மூன்று நாள், நாளுக்கு 400 ரூபாய். மூன்றாவது இழுப்புக்கு அப்புறம் வலி பின்தொடை வழியாகக் கெண்டைக்கால் வரை மின்சாரம் பாய்ந்த மாதிரி இறங்கியது. கணுக்கால் சுளுக்குக்கு அவர் கைராசிக்காரராக இருக்கலாம். ஆனால் கால்வரை இறங்கும் நரம்பு வலிக்கு யாரையும் இழுக்கவிடாதீர்கள். அடுத்து ஒரு மருத்துவமனை. எக்ஸ்ரே, மாத்திரை, இடுப்பு பெல்ட், "பதினைந்து நாள் கட்டிலைவிட்டு இறங்கக்கூடாது", அப்புறம் 6,500 ரூபாய்க்கு எம்.ஆர்.ஐ. கீழ்முதுகில் எல் 4, எல் 5 எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல இருக்கும் டிஸ்க் பிதுங்கியிருப்பதாக அறிக்கையில் இருந்தது. இனிமேல் ஐந்து கிலோவுக்கு மேல் தூக்காதீர்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஐந்து கிலோ என்றால் அரிசிப் பைகூட இல்லை.

ஜூன் 15 படகுகள் கடலுக்குப் போயின. வருடத்திலேயே அதிகப் பரபரப்பான நாள் அது, கம்பெனியிலிருந்து போன் மேல் போன். நான் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். 19ஆம் தேதி மகன் பிறந்தான். ஐந்து நாள் கழித்து ஒரு காரின் பின்சீட்டில் படுத்தபடி தூத்துக்குடி போய்ச் சேர்ந்தேன். பிள்ளையை அத்தை நீட்டியபோது நான் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். அப்போதுதான் மனைவிக்கு விஷயம் தெரிந்தது. எனக்கு அடிபட்டதைவிட, மறைத்ததற்குத்தான் அவளுக்குக் கோபம். "ஸ்கேன் பேப்பரையே பாத்துட்டுக் கெடந்தா சரியாயிருமா? அக்கா முட்டிவலிக்குப் போன மாதிரி பிசியோகிட்ட போங்க" என்றாள். இதை முதல் நாளே அவளிடம் சொல்லியிருந்தால் குறைந்தது பத்தாயிரம் மிச்சம்.

ராமநாதபுரத்தில் ஒரு பிசியோதெரபிஸ்ட் அம்மா. ஆறு தடவை போனேன், மொத்தம் 2,400 ரூபாய். இதை நான் நஷ்டக் கணக்கில் சேர்க்கவில்லை. முதலில் சில கேள்விகள் கேட்டார்: சிறுநீர், மலம் போவதில் ஏதாவது மாற்றம் உண்டா, கவட்டையைச் சுற்றி மரத்துப்போகிறதா, பாதத்தை மேலே தூக்க முடிகிறதா, காய்ச்சல் உண்டா. இதில் ஒன்று இருந்தாலும் உடற்பயிற்சி பக்கமே வரக்கூடாது, முக்கியமாக முதல் மூன்றில் ஒன்று வந்தால் அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்கு ஓட வேண்டும் என்றார். எனக்கு எதுவும் இல்லை. ஸ்கேன் அறிக்கையைப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்த 2015ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில், 40 வயதுக்காரர்களில் பாதிப் பேருக்கு டிஸ்க் பிதுக்கம் இருந்ததாம். 20 வயதுக்காரர்களிலேயே 30 சதவீதம். "இது தலைநரை மாதிரி சார். இருக்கு, ஆனா அதுதான் வலிக்குதுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது" என்றார். பதினைந்து நாள் படுக்கையும் தேவையில்லாதது, ஒன்றிரண்டு நாளுக்கு மேல் படுத்தால் இருக்கிற தசையும் கரையும், தாங்குகிற அளவுக்கு நடந்துகொண்டே இருக்க வேண்டும் என்றார். அந்த அறையில் அன்றைக்குத்தான் எனக்கு மூச்சு வந்தது.

அப்புறம் ஒரு பேனாவைத் தரையில் போட்டு எடுக்கச் சொன்னார். எடுத்தேன். "இடுப்பத் தொட்டுக் காட்டுங்க" என்றார். தொட்டுக் காட்டினேன். சிரித்துவிட்டார். "சார், நீங்க காட்டுறது வேட்டி கட்டுற இடம். அது முதுகோட கீழ்ப்பகுதி. நான் கேட்டது தொடை மடியுற இடம்." எழுந்து நின்று, கையைக் கத்தி மாதிரி வைத்து, வயிறும் தொடையும் சேர்கிற மடிப்பில் அழுத்திக் காட்டினார். அதுதான் குனிய வேண்டிய மூட்டு. நம் மொழியில் இரண்டுக்கும் இடுப்பு என்றே சொல்லிவிடுகிறோம். முதுகுவலியையும் இடுப்புவலி என்கிறோம். ஜிம் தம்பி சொன்னது சரியான இடுப்பு, எனக்குக் கேட்டது வேட்டி இடுப்பு. ஐம்பதாயிரம் ரூபாய் ஒரு சொல்லில் போயிருக்கிறது.

குனிவதற்கு அவர் கொடுத்த கருவி மாப் கட்டை. அதை முதுகோடு ஒட்டிப் பிடிக்க வேண்டும். தலையின் பின்புறம், தோள்பட்டைகளுக்கு நடுப்பகுதி, வால் எலும்பு, மூன்று இடத்திலும் கட்டை பட வேண்டும். முழங்காலைக் கொஞ்சமாக மடக்கி, பின்பக்கத்தைப் பின்னால் இருக்கும் சுவரைத் தொடுவதுபோலத் தள்ளினால் உடம்பு தானாக முன்னால் சாயும். மூன்றில் ஒரு இடம் விட்டுப்போனாலும் அதோடு நிறுத்த வேண்டும், அதுதான் இன்றைக்கு உங்கள் ஆழம். முதல் நாள் என் ஆழம் முழங்காலுக்கு மேலேயே முடிந்தது. நான் எண்பது கிலோவைத் தரையிலிருந்து எடுக்கப் போயிருக்கிறேன்!

பின்பக்கத் தசையைப் பற்றிப் பேச நம் ஊரில் கூச்சம், கூச்சப்பட்டே கெட்டேன். உடம்பிலேயே பெரிய தசை அதுதான். குனிந்த உடம்பை நிமிர்த்துவது முக்கியமாக அதன் வேலை. பக்கவாட்டில் இருக்கும் இன்னொன்று, ஒற்றைக்காலில் நிற்கும்போது இடுப்பெலும்பு சாயாமல் பிடித்துக்கொள்ளும். இந்த இரண்டுக்கும் வேலையே கொடுக்காமல் உட்கார்ந்திருந்தால் முதுகின் சின்னத் தசைகள் அந்தச் சுமையை வாங்கும். பின்பக்கத் தசை தூங்கிவிட்டது, மறந்துவிட்டது என்றெல்லாம் சிலர் பயமுறுத்துவார்கள். எந்தத் தசையும் மறக்காது, பலவீனமாக இருக்கிறது, பலப்படுத்தினால் போதும் என்பது அந்த அம்மாவின் கட்சி.

முதல் மூன்று வாரம் எடையே கிடையாது. மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, குதிகாலை ஊன்றி இடுப்பைத் தூக்கி இறக்குவது. மேலே போனதும் பின்பக்கம் கல்லாக இறுக வேண்டும். பின்தொடை பிடித்து இழுத்தால் குதிகாலை இன்னும் கிட்டத்தில் வைக்க வேண்டும். வேட்டி கட்டும் இடத்தில் உறுத்தினால் அளவுக்கு மேல் தூக்குகிறீர்கள் என்று அர்த்தம். அதோடு கனடாவில் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் முதுகெலும்பு பற்றி ஆராய்ந்த பேராசிரியர் ஸ்டூவர்ட் மெக்கில் பெயரில் சொல்லப்படும் மூன்று பயிற்சிகள்: மல்லாந்து தலையையும் தோளையும் துளி மட்டும் தூக்குவது, பக்கவாட்டில் முழங்கையை ஊன்றிப் பலகைபோல நிற்பது, தவழும் நிலையில் எதிரெதிர்க் கையையும் காலையும் நீட்டுவது. பார்க்கக் குழந்தை விளையாட்டு மாதிரி இருக்கும். முதல் வாரம் பத்து விநாடி நிற்க உடம்பு உதறியது. கால்வலி எந்தப் பக்கம் நகர்கிறது என்று கவனிக்கச் சொன்னார். கெண்டைக்காலிலிருந்து தொடைக்கு, தொடையிலிருந்து முதுகுக்கு என்று மேலே ஏறினால் நல்லது, முதுகில் கொஞ்சம் கூடினால்கூடப் பரவாயில்லை. கீழே இறங்கினால் அந்தப் பயிற்சியை அன்றே நிறுத்த வேண்டும்.

நாலாவது வாரம் எடை வந்தது. எண்ணெய் வாங்கிய ஐந்து லிட்டர் கேன்கள் இரண்டு, ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ. குடிதண்ணீரைக் காசு கொடுத்து வாங்குகிற ஊர் என்பதால் கிணற்று உப்புத்தண்ணீரைத்தான் ஊற்றினேன். கைக்கு ஒரு லிட்டரில் தொடங்கி வாரத்துக்கு ஒன்றாக ஏற்றினேன். அரைக் கேன் தண்ணீரில் ஒரு வசதி, வெட்டென்று தூக்கினால் உள்ளே சளக்கென்று அடித்துக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஜூலை 1ஆம் தேதி வேலைக்குத் திரும்பியதும் லோடுமேன்களை முதல் தடவையாக உற்றுப் பார்த்தேன். எங்கள் ஐஸ் பார் ஒன்று 50 கிலோ. கொக்கியால் இழுத்துச் சறுக்கவிடுவார்கள், தூக்கும்போது உடம்போடு ஒட்டித் தூக்குவார்கள், பின்பக்கம் முதலில் பின்னே போகும். எத்தனை வருடம் கண்முன்னால் நடந்திருக்கிறது! மூத்தவரிடம் போய் உங்களுக்கு முதுகுவலியே வராதா அண்ணே என்று கேட்டேன். "வராமயா? பத்து வருசமா இருக்கு. ஒனக்காவது தூக்குன மறுநாள் லீவு உண்டு தம்பி, எங்களுக்கு மறுநாளும் ஐஸ் உண்டு" என்றார். கூலி வேலை செய்கிறவனுக்கு உடற்பயிற்சி எதற்கு என்று இனி நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். தசை வலுப்பது ஓய்விலே. வாரத்தில் இரண்டு நாள், நடுவில் முழுதாக இரண்டு நாள் இடைவெளி என்று வைத்துக்கொண்டேன்.

செப்டம்பரில் பழைய ஜிம்முக்கே போனேன், சந்தா மிச்சம் இருந்ததே. வெறும் பார், 20 கிலோ. நின்ற நிலையில் பிடித்து, தொடையை உரசியபடியே முழங்காலுக்குச் சற்றுக் கீழ்வரை இறக்கி நிமிர்வது. தரையிலிருந்து எடுப்பதற்கு முன்னால் இதைக் கற்றிருக்க வேண்டும். அப்புறம் பெஞ்சில் தோள்பட்டையைச் சாய்த்து, தொடை மடிப்பில் பாரை வைத்து இடுப்பை உயர்த்தும் பயிற்சி. பாருக்குக் கீழே லுங்கியை மடித்து வைப்பேன், இல்லையென்றால் எலும்பில் கன்றிப்போகும். இதைச் செய்யும்போது பையன்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும், முதுகுக்குச் சுமையே அதிகம் ஏறாமல் பின்பக்கத்தை வலுப்படுத்த இதைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை. மேல்முதுகுக்கு ஒரு கையைப் பெஞ்சில் ஊன்றி மறுகையால் டம்பெல்லை இழுப்பது. ஒற்றைக்காலுக்கு, ஒரு காலை முன்னே வைத்து இறங்கி ஏறுவது. தூக்குமுன் வயிற்றில் யாரோ குத்த வருவதுபோல நாலு பக்கமும் மூச்சை நிரப்பி இறுக்கிக்கொள்ள வேண்டும், ஏறும்போது விட வேண்டும். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மூச்சை அடக்கிவைக்கக் கூடாது. அந்த 1,400 ரூபாய் பெல்ட் இப்போது அலமாரியில் கிடக்கிறது.

கணக்குப் புத்தியை இந்தத் தடவை உருப்படியாகப் பயன்படுத்தினேன். பழைய லெட்ஜர் ஒன்றில் தேதி, எடை, எத்தனை தடவை, அப்புறம் மறுநாள் காலை வலிக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்று ஒரு பத்தி. அந்தக் கடைசிப் பத்திதான் முதலாளி. செய்யும்போது மூன்று மார்க் வரை பரவாயில்லை, மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். வராவிட்டால் அடுத்த முறை எடை குறையும். எட்டு தடவை வீதம் மூன்று சுற்று, ஒவ்வொரு சுற்றிலும் இன்னும் இரண்டு தூக்கலாம் என்று தோன்றும்போதே நிறுத்தம். இரண்டு முறை தொடர்ந்து சுலபமாக வந்தால் மட்டும் இரண்டரைக் கிலோ ஏறும். பின்பக்கமும் பின்தொடையும் இரண்டு மூன்று நாள் வலிப்பது தசை நோவு, அதற்குப் பயப்பட வேண்டாம். குத்துவதும் இறங்குவதும் வேறு, அனுபவத்தில் வித்தியாசம் தெரிந்துவிடும். பவுடரை மறுபடி வாங்கவில்லை. நூறு கிராம் மீனில் கிட்டத்தட்ட 20 கிராம் புரதம் இருக்கும்போது, சூடையும் காரலும் கிடைக்கிற கரையில் உட்கார்ந்துகொண்டு 5,600 ரூபாய் டப்பா வாங்கியதை நினைத்தால் இன்னும் வயிறெரிகிறது.

நவம்பரில் ஒரு தடவை மறுபடி பிடித்தது. அடைமழை, விடியற்காலை, படுக்கையிலிருந்து எழுந்த கையோடு வாசலில் தேங்கிய தண்ணீரை வாளியால் மொண்டு ஊற்றினேன். டிஸ்க்குகள் இரவில் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும், எழுந்த முதல் ஒரு மணி நேரம் ஆழமாகக் குனிவதும் தூக்குவதும் வேண்டாம் என்று பிசியோ அம்மா சொன்னதை மறந்துவிட்டேன். நாலு நாள் வலித்தது. ஆனால் இந்தத் தடவை ஸ்கேனும் இல்லை, அழுகையும் இல்லை. நடந்தேன், எடையைப் பாதியாக்கினேன், லெட்ஜரில் 6, 4, 2, 1 என்று இறங்கியது. மனைவியிடம் முதல் நாளே சொல்லிவிட்டேன்.

இப்போது 70 கிலோ, ஐந்து தடவை. எண்பதை இன்னும் தொடவில்லை, அவசரமும் இல்லை. தட்டுகள் இன்னும் அதே சின்னத் தட்டுகள்தான். பாரை உயர்த்தி வைக்க இரண்டு பழைய ஸ்கூட்டர் டயர்களைப் பைக்கில் கட்டிக் கொண்டுபோய் மூலையில் போட்டிருந்தேன். ஆரம்பத்தில் அதைக் குப்பை என்று வெளியே எறிந்துவிடுவார்கள், நான் திரும்ப எடுத்துவந்து போடுவேன். போன செவ்வாய்க்கிழமை போனபோது புதிதாகச் சேர்ந்த ஒருவர், என் வயதுதான் இருக்கும், அதன் மேல் பாரை வைத்துத் தூக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஜிம் தம்பி மாப் கட்டையோடு நின்றிருந்தான். அவர்கள் முடிக்கட்டும் என்று பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தேன்.